மடை திறந்த கை யாருடையது?

கல்முனையிலிருந்து மேற்கே நடந்தால் ஊர் முடியுமிடத்தில் வயல் தொடங்குகிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று விரியும் இவ்வயல்களின் வரலாற்றைப் போடியார்களின் பெருமையாகவே பேசிப் பழகிவிட்டோம். வாய்க்காலில் நீர் எவர் சொல்லுக்குப் பாய்ந்தது என்று நாம் கேட்டதில்லை.

நெடுங்காலம் அச்சொல் வட்டை விதானையாருடையதாயிருந்தது. மடை திறப்பதும், வேலி அடைப்பதும், வாய்க்கால் துப்புரவு செய்வதும் அவர் கட்டளைப்படியே நடந்தன. அவருக்குரிய ஊதியம் வயற்காரன் வியர்வை சிந்திய விளைச்சலிலிருந்தே அளக்கப்பட்டது. அவர் செவியோ பெரும்பாலும் போடியார் பக்கமே சாய்ந்தது.

1958 ஆம் ஆண்டு பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் அப்பதவியை ஒழித்தது. அதனிடத்தில், பயிரிடுவோர் தாமே தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் எழுந்தன. கட்டளை கேட்டவன் கருத்துச் சொல்லும் உரிமை பெற்றான். இது சிறிய மாற்றமன்று. ஆயினும் நாட்டின் பல பகுதிகளில் நிலவுடைமையாளர் குத்தகையாளரை வெளியேற்றி இதற்குப் பதிலளித்தனர். நாளை நிலத்தை இழக்கக்கூடியவன், இன்று நிலவுடைமையாளருக்கு எதிராகக் குழுவில் கை உயர்த்துவானா? பின்னர் 1970களின் சட்டங்கள் தெரிவை அகற்றி நியமனத்தைப் புகுத்தின. குழு என்ற பெயர் நின்றது. அதன் உயிர் நீங்கியது.

எனினும் அந்த எண்ணம் மடியவில்லை. 1981 இல் கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால்களில் இளம் அமைப்பாளர்கள் விவசாயிகளிடையே தங்கி, உத்தரவிடாமல் உரையாடினர். குளத்தில் நீர் குறைந்திருந்த அவ்வேளையிலும் மக்கள் கூடி வாய்க்காலைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மேல்மடையினர் கடைமடையினருக்கு நீர் விட்டுக்கொடுத்தனர். மேல்மடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகளும் கடைமடையில் தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தனர் என்பதை நினைக்கையில் இதன் பெறுமதி புலப்படும். சோம்பேறிகள், சண்டைக்காரர் என்று அதிகாரிகள் பழித்த மக்களே இதைச் செய்தனர். 1988 இல் நீர்ப்பாசன நிர்வாகத்தில் விவசாயிகளின் பங்கேற்பை அரசு கொள்கையாகவே ஏற்றது.

இதனால் நாம் மயங்கிவிடலாகாது. கலந்து பேசுவது மேலிருப்பவரின் பெருந்தன்மையாக இருக்கும்வரை, 1970களில் நேர்ந்ததுபோல் ஒரு சட்டத்தால் பறிபோகும். நிலத்தில் உறுதியான உரிமையுள்ளவனுக்கே சபையில் உறுதியான குரலுண்டு. கூட்டு நிர்வாகம் வேண்டுவோர் முதலில் அவ்வுரிமையை வேண்டுதல் கடன்.

அக்குழுக்களில் அமர்ந்த முதியோர் சிலர் நம் ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். ஆசிரியரும் மாணவரும் அவர்களைத் தேடிச்சென்று கேட்டு எழுதிவைக்கட்டும். போடியாரின் பெருமைக்கு அப்பாலுள்ள நம் வரலாறு அவர்களிடமே இருக்கிறது.