கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஹேக் செய்ய முடியுமா? 'ஏர் கேப்' என்றால் என்ன?

செங்கல்பட்டு மாவட்டத்தின் கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் கூடங்குளத்தையும் நடத்துவது ஒரே நிறுவனம்: இந்திய அணுமின் கழகம். அதனால், கூடங்குளத்தில் நடந்தது கல்பாக்கத்துக்கும் பாடம்தான்.

கூடங்குளத்தில் என்ன ஆச்சு?

2019 அக்டோபர் 29-ல், 'சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை' என்று நிலைய நிர்வாகம் மறுத்தது. மறுநாளே, ஒரு கணினியில் மால்வேர் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ம் தேதியே இதைத் தெரிவித்திருந்தது. பாதிக்கப்பட்டது இன்டர்நெட் இணைப்புள்ள நிர்வாகக் கணினி மட்டுமே. உலை அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்றது கழகம்.

'ஏர் கேப்' என்றால்?

உலையை இயக்கும் கணினிகளை இன்டர்நெட்டில் இணைக்காமல் தனியாக வைப்பது.

அது போதுமா?

போதாது. ஒரு பென் டிரைவ் போதும், அந்த இடைவெளியைத் தாண்ட. 2016-ல் ஜெர்மனியின் குண்ட்ரெமிங்கன் அணுமின் நிலையத்தில், இன்டர்நெட்டே இல்லாத கணினியில் வைரஸ் சிக்கியது. 18 பென் டிரைவ் போன்ற சாதனங்களிலும் அது இருந்தது.

விதிகள் என்ன சொல்கின்றன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 'நிஸ் 2' சட்டப்படி, மின்சாரம் போன்ற முக்கியத் துறைகள் பெரிய தாக்குதல் நடந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கை தர வேண்டும். இந்தியாவில் 2022 உத்தரவுப்படி, 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லணும்.

வேகத்தில் இந்தியா முந்துகிறது. ஆனால் தேவைப்பட்டால் பொதுமக்களுக்கும் அறிவிக்கச் சொல்ல, ஐரோப்பிய சட்டம் அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. 2022 உத்தரவில் மக்களுக்கு அறிவிக்கும் கட்டாயம் இல்லை. கூடங்குளம் விஷயம் மக்களுக்குத் தெரிய கிட்டத்தட்ட 2 மாதம் ஆனது.