சிவப்பு ஊசி

"மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை. "கை காலெல்லாம் ஓய்ச்சலா இருக்கு நர்சம்மா, ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க" என்றுதான் வருவார்கள். பரளச்சி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஊசி எங்கள் கரிசல் காட்டுக்குள் வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருக்கிறேன்.

ஊசிக்கு முன்னால் கோடாங்கி இருந்தார். சோறு தண்ணி இறங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை அவரிடம் கூட்டிப் போவார்கள். உடுக்கை அடித்துக் குறி சொல்லித் திருநீறு மந்திரித்துக் கொடுப்பார். அதற்கும் தெளியாவிட்டால் ஏர்வாடி தர்காவில் மாதக்கணக்கில் தங்கல். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக அதை வழக்காக எடுத்தது.

கோடாங்கியைச் சொல்கிறவர்கள், வீட்டுக் கிழவிகள் செய்த வைத்தியத்தைச் சொல்வதில்லை. சோர்ந்து கிடக்கிறவளை ஒத்தையில் விட மாட்டார்கள். களையெடுக்க, மல்லி பிடுங்க, கண்மாயில் தண்ணீர் எடுக்க என்று எங்கே போனாலும் கையைப் பிடித்துக் கூடவே இழுத்துப் போவார்கள். மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழைப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பார்கள். எல்லாருக்கும் அது போதவில்லை. கிணற்றில் விழுந்தவர்களும் உண்டு. ஆனாலும் அதில் விஷயம் இருந்தது. ஆண்கள் பிழைப்புக்கு ஊரை விட்டுப் போய், காட்டில் சீமைக்கருவேலம் மண்டி, அடுப்படியில் கம்பு இருந்த இடத்துக்கு ரேஷன் அரிசி வந்தபோது அந்தக் கூட்டமும் கலைந்தது.

அந்த இடத்துக்குத்தான் ஊசி வந்தது. உள்ளே இருந்தது வைட்டமின் பி12. வைட்டமின் பி12ஐ 1948இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். உள்ளே கோபால்ட் இருப்பதால் அதற்கு நல்ல சிவப்பு. ஆம்ப்யூலை உடைத்துச் சிரிஞ்சில் இழுக்கும்போது மாதுளைச் சாறுபோல ஏறும். ரத்தமே உடம்பில் ஏறுகிறது என்று பெண்கள் கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். அந்த நிறத்தை நம்பியே சில ஊசி டாக்டர்கள் வீடு கட்டினார்கள்.

ஊசி முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பால், முட்டை, மீன், கறியில்தான் பி12 உண்டு. கம்பிலும் சோளத்திலும் இல்லை. கடைசியில் சாப்பிட உட்காரும் பெண்ணுக்கு இதில் எதுவும் மிஞ்சாது. அந்தக் குறையால் அசதியும் மறதியும் மனச்சோர்வும் வரும். ரத்தசோகையும் அப்படித்தான் ஆளைப் படுக்கப் போடும். குறை உள்ளவளுக்கு ஊசியும் இரும்புச்சத்து மாத்திரையும் உண்மையிலேயே உயிர் கொடுக்கும். குறை இல்லாதவளுக்கு? புருஷன் வடக்கே முறுக்குக் கடைக்குப் போனவன் பணமும் அனுப்பவில்லை, பேச்சும் இல்லை என்று தூக்கம் போன ஒருத்தி மாதம் தவறாமல் வருவாள். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே திண்ணையில் வெகுநேரம் இருப்பாள். அவள் ரத்தத்தில் குறை ஏதும் இல்லை.

சத்து மட்டும் மனச்சோர்வைத் தடுக்குமா? 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் உடல் பருத்த 1,025 பேரில் ஒரு பாதிக்கு ஓராண்டு சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அது மனச்சோர்வு நோய் வராமல் தடுக்கவில்லை. சாப்பாட்டையே மாற்றிப் பார்த்த கதை வேறு. 2017இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரை வைத்து 12 வாரம் நடந்த சிறிய ஆய்வில், காய்கறி, பருப்பு, மீன் என்று உணவை மாற்றியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நோயிலிருந்து மீண்டார்கள். கூட உட்கார்ந்து பேச மட்டும் ஆள் கிடைத்தவர்களில் மீண்டது 100க்கு 8 பேர்தான். 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு உள்ள, 50 வயது தாண்டிய 156 பேரிடம், 16 வார உடற்பயிற்சி மாத்திரைக்கு ஏறத்தாழ நிகராக வேலை செய்தது.

இதைப் படித்துவிட்டு, நாளெல்லாம் கரிமூட்டத்துக்கு விறகு சுமக்கிறவளிடம் "உடற்பயிற்சி செய்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூலிக்காக உடம்பு முறிவதில் ஆறுதல் கிடையாது. இன்னொருத்தியோடு பேசிக்கொண்டே கண்மாய்க் கரையில் வெறுங்கையோடு நடப்பதில் இருக்கிறது. கிழவிகள் கொடுத்ததும் அந்தத் துணையைத்தான்.

அதோடு மருந்தும் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சிக்கு வந்தது. இன்று அரசு ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு மாத்திரை இலவசம். மனநல உதவிக்கு 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுகிறார்கள். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: சத்து ஊசி கேட்டு வருகிறவளுக்கு முதலில் ரத்தம் பாருங்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். தோன்றுகிறது என்றால் அன்றைக்கே அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். தனியாக பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள்.