கால்சாவும் ஊசியும்

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா தொலைபேசியில் கேட்டாள்: "தம்பி, பக்கத்து வீட்டுப் பெடியன் தூளை ஊசியாலை ஏத்துறானாம். அறைக்குள்ளை போட்டுப் பூட்டி வைச்சிருக்கினம். பத்து நாளாச்சு. இனிச் சரிவருமோ?" நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். 2022 அளவில் வடக்கில் ஊசிமூலம் ஹெரோயின் ஏற்றும் இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கியபோது, அது எங்கள் ஒழுங்கைக்குள்ளும் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பலெர்மோவில் நான் வேலைசெய்யும் கால்சாவுக்கு அது வந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது.

கால்சா என்பது 'அல்-காலிசா' என்ற அரபுப் பெயரின் மருவல். 937இல் பாத்திமிய ஆட்சியாளர் கட்டிய கோட்டை நகர் அது. 1943இல் நேச நாடுகளின் விமானங்கள் அதன்மேல் குண்டு பொழிந்தன. யுத்தம் முடிந்தபின்னும் இடிபாடுகள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. வசதியுள்ளவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் போக, போக்கிடமற்றவர்கள் விரிசல் விழுந்த சுவர்களுக்குள் எஞ்சினர். இப்படியான ஊர் எப்படியிருக்கும் என்று எமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இன்று புல் வளர்ந்திருக்கும் மாஜோனே சதுக்கம் குண்டுகள் விட்டுச்சென்ற வெளிதான். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் நான் உட்காருவது அங்கேதான்.

மாஃபியாவை எதிர்த்து 1992இல் கொல்லப்பட்ட நீதிபதிகள் ஜொவான்னி ஃபல்கோனேயும் (பிறப்பு 1939) பாவ்லோ போர்செல்லினோவும் (1940) இந்தப் பகுதியின் பிள்ளைகள். போர்செல்லினோவின் குடும்பம் இங்கே மருந்துக்கடை நடத்தியது. ஃபல்கோனே சிறுவயதில் மேசைப்பந்து விளையாடியவர்களில் ஒருவன் தொமாசோ ஸ்படாரோ. பின்னாளில் கால்சாவின் பெரிய சிகரெட் கடத்தல்காரனாகி, ஹெரோயின் வழக்கில் தண்டனை பெற்றவன் அவன்.

சிகரெட்டிலிருந்து ஹெரோயினுக்கு மாறியது அப்படியொன்றும் பெரிய தாவலல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் மார்செய் நகரின் ஆய்வுகூடங்கள் முறியடிக்கப்பட்டதும் அந்த வியாபாரம் சிசிலிக்கு இடம்மாறியது. கடத்தல் படகுகளும் ஆட்களும் இங்கே ஏற்கனவே இருந்தார்கள். துருக்கிப் பக்கமிருந்து மோர்பின் வந்தது. அசெற்றிக் அன்ஹைட்ரைட் சேர்த்து அதை ஹெரோயினாக்கினார்கள். அந்தத் திரவத்துக்கு வினாகிரி மணம் என்கிறார்கள். குசினியில் வினாகிரிப் போத்தலைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. 1980 ஆகஸ்டில் பலெர்மோவுக்கு அருகே திராபியாவில் இப்படியொரு ஆலை பிடிபட்டது. மார்செயிலிருந்து வந்த இரசாயன நிபுணரும் சிக்கினார். சரக்கு பெரும்பாலும் அமெரிக்காவுக்குத்தான் போனது. அங்கே பீட்சாக் கடைகளை மறைவாக வைத்து விற்றவர்கள்மீதான வழக்கு 1985 முதல் 1987 வரை நியூயோர்க்கில் நடந்தது. பீட்சா சுட்டுப் பிழைப்பவன் என்ற முறையில் அந்த வழக்கை நான் சற்றுக் கூச்சத்தோடுதான் படித்தேன்.

இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளன. கொல்லப்பட்ட நீதிபதிகளுக்கு நினைவுக்கற்களும் உள்ளன, அது நியாயமே. ஏற்றுமதியில் சிந்திய தூள் யாருடைய நரம்புக்குள் போனது என்பதைத்தான் கற்களில் காணமுடியாது. பள்ளிக்கூடங்களுக்கே போய்ப் பிள்ளைகளோடு போதைபற்றிப் பேசிய நீதிபதி ரொக்கோ கின்னிச்சியை 1983இல் குண்டுவைத்துக் கொன்றார்கள். விற்றவனையும் ஏற்றியவனையும் ஒரே வழக்கின் இரு பக்கமாகப் பார்த்த வெகுசிலரில் அவர் ஒருவர் என்பது என் எண்ணம்.

எங்கள் குசினியில் கோப்பை கழுவுபவர் கால்சாவில் பிறந்தவர், அறுபது கடந்தவர். இருபது வயதில் இந்த இடிபாடுகளுக்குள் ஏற்றத் தொடங்கியவர். ஒரு இரவு சட்டிகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்: அப்போது ஒரு ஊசி நான்கு பேரைச் சுற்றும், கரண்டியும் பஞ்சும் தண்ணீரும் எல்லோருக்கும் பொது. எச்.ஐ.வி. கிருமி 1983இல்தான் இனங்காணப்பட்டது. அவர்கள் அறிவதற்கு முன்பே அது நரம்புக்குள் போய்விட்டது. இத்தாலியில் தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை எயிட்ஸ் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஊசிமூலம் போதை ஏற்றியவர்களே.

இத்தனைக்கும் இங்கே ஊசியை மருந்துக்கடையில் எவரும் வாங்கலாம். இந்த இடத்தில்தான் நான் நெடுநாள் குழம்பினேன். ஊசி கடையிலிருந்தால் போதாது. கடை இரவில் பூட்டியிருக்கும், காசு தூளுக்கே போய்விடும், பையில் ஊசி இருந்தால் பொலிஸ் மறிக்கும் என்ற பயமும் இருக்கும். 1990ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பயத்தைக் கூட்டியது: ஒரு நாளைய சராசரி அளவுக்கு மேல் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்தாலும் குற்றம். 1993 ஏப்ரல் 18இல் மக்கள் வாக்கெடுப்பு அந்தப் பகுதியை நீக்கியது. மெதடோன் 1980 முதல் சட்டப்படி கொடுக்கப்பட்டு வந்தது. மூச்சை மீட்கும் நலொக்சோன் மருந்தையும் தொண்ணூறுகளிலிருந்து சீட்டில்லாமல் வாங்கலாம். பாதிப்பைக் குறைக்கும் சேவை அரசின் கடமையென்று ஏட்டில் ஏறியது 2017இல்தான். அதுவும் வடக்கில் உள்ள அளவுக்குத் தெற்கில் கிடையாது. இப்போது பலெர்மோவின் தலையிடி கிராக். 2024இல் சிசிலிச் சட்டசபை அதற்கென ஒரு சட்டமே இயற்றியது.

கோப்பை கழுவுபவர் மெதடோனில் தப்பியவர். எச்.ஐ.வி. அவரைத் தொடவில்லை, ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் சி தொட்டது. அதையும் அண்மையில் மூன்று மாதக் குளிசையில் மாற்றிவிட்டார்கள். கூட ஏற்றியவர்களைப் பற்றிக் கேட்டேன். கை நனைந்திருந்ததால் விரலால் எண்ணவில்லை, பெயர்களாகவே சொன்னார். சிலர் நோயில் போனவர்கள். இரண்டுபேர் மட்டும் வேறுமாதிரி: சிறையிலிருந்து வெளியே வந்த கிழமையே, பழைய அளவை ஏற்றி.

அடுத்தநாள் அக்காவுக்கு எடுத்தேன். ஏற்றாமல் இருந்த உடம்புக்குப் பழைய அளவு நஞ்சு, பூட்டைத் திறக்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்றேன்.

"அப்ப திறக்கவேண்டாமோ?"

"திறக்கச் சொல்லு. திறந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டும். டொக்டரிட்டை ஊசிக் கதையை மறைக்க வேண்டாம். திரும்பவும் ஏத்தினாலும் தனிய இருந்து ஏத்தக்கூடாது, மற்றவன்ரை ஊசியும் கரண்டியும் தொடக்கூடாது எண்டு பெடியனுக்குச் சொல்லச் சொல்லு. காய்ச்சல் இருக்கோ?"

"மூண்டு நாளாக் காயுதாம். பூட்டி வைச்சதாலை எண்டு நினைச்சவை."

அழுக்கு ஊசியால் கிருமி இதய வால்வில் போய்க் குந்தும் என்று கோப்பை கழுவுபவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்பவே போகச் சொல்லு என்றேன். இரவு வேலைக்கு இடையில் அவள் மறுபடி எடுத்தாள். வாட்டில் மறித்துவிட்டார்களாம்.