ஆள் இருக்கிற வீடு

கிளிநொச்சியில் ஒருவருடைய வீட்டைப் பொறுப்பெடுத்துப் பார்ப்பது என்றால் மாதாமாதம் வாடகை வாங்கி அனுப்புவது என்றுதான் வெளிநாட்டிலிருந்து முதல்முறை ஃபோன் எடுப்பவர்கள் நினைக்கிறார்கள். வாடகை எங்கள் வேலையில் பின்னுக்குத்தான் வரும். இந்த வளவுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், அவர் இதைக் கைவிடவில்லை என்று அயலுக்கும் கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தெரியும்படி வைத்திருப்பதுதான் முதல் வேலை. அப்பா செய்ததும் அதுதான். இப்போது கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற உறவுக்காரரின் வீடுகளுக்கு நான் செய்வதும் அதுதான்.

இது ஏன் இப்படி ஆனது என்று விளங்கக் காணி கிடைத்த விதத்திலிருந்து தொடங்க வேண்டும். கிளிநொச்சி பட்டினம் பழையதல்ல. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி, யாழ்ப்பாணத்தில் காணி போதாமல் இருந்த குடும்பங்களை 1930களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றி உண்டாக்கியது. 1984 வரை இது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் கிடந்தது. குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகளுக்கு உறுதி கிடையாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிற்தான். பேர்மிற்காரர் காணியில் குடியிருந்து செய்கை பண்ண வேண்டும். அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. நிபந்தனை மீறினால் பேர்மிற் ரத்தாகலாம். யாழ்ப்பாணத்தில் உத்தியோகமும் இங்கே வயலுமாக இருந்தவர்கள் விதைப்புக்கு வருவார்கள், அரிவு வெட்டு முடிய பஸ் ஏறுவார்கள். மிச்ச மாதங்களில் முற்றம் கூட்டவும் பின்னேரத்தில் விளக்குக் கொளுத்தவும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆள் பல இடங்களில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகும், அதைவிட 1983க்குப் பிறகும், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் பரவின. காந்தியம் போன்ற அமைப்புகள் சிலரைக் குடியமர்த்தின. மற்றவர்கள் யாரோ ஒருவருடைய வளவின் ஓரத்தில் கொட்டில் போட்டார்கள். காடு வெட்டியதும் கிணறு வெட்டியதும் தென்னை வைத்துத் தண்ணீர் ஊற்றியதும் அவர்கள். கூலி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இருக்க இடமும் கத்தரி, மிளகாய் நட ஒரு மூலையும்தான். அவர்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. வன்னியில் வீடும் வளவும் பார்த்தவர்களின் வரலாறு எழுதப்பட்டால் முதல் அத்தியாயம் இவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பா பார்த்தது கரடிப்போக்குப் பக்கம் இருந்த ஒரு யாழ்ப்பாண ஆசிரியரின் கல்வீடு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தது; அடுத்த ஆண்டு அதில் ஒரு பகுதி கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தது. அந்த வீட்டின் விறாந்தையிலும் மாமரத்தின் கீழும் குடும்பம் குடும்பமாகச் சனம். யாரிடமும் வாடகை கேட்கவில்லை. ஆனால் அப்பா ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும், எந்த ஊர், எந்த அறை, எப்ப வந்தது என்றும் எழுதினார். “நாளைக்கு மாஸ்ரர் வந்து கேட்டால் நான் பதில் சொல்லவேணும் பிள்ளை” என்பார். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் போக, எழுதினவரும் எழுதப்பட்டவர்களுமாக ஸ்கந்தபுரம் பக்கம் போனோம். 1998 செப்டெம்பரில் பட்டினம் மறுபடி புலிகளிடம் வந்தபின், கண்ணிவெடிக்குப் பயந்து பயந்து போய்ப் பார்த்தபோது சுவர் நின்றது, கூரை இல்லை.

அதே காலத்தில் வவுனியாவில் இந்தத் தொழில் வேறு மாதிரி வளர்ந்தது. வன்னியிலிருந்து போனவர் அங்கே தங்கப் பாஸ் வேண்டும். நாள் பாஸ், கிழமைப் பாஸ், மாதப் பாஸ் என்று வகை வகையாக இருந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் பொலிசில் பதிந்திருக்க வேண்டும். ஓர் அறையை வாடகைக்குக் கொடுப்பவர் அந்த மனிதருக்காகப் பொறுப்பும் நிற்க வேண்டிவந்தது. வாடகைக் காசைவிட அந்தப் பொறுப்புத்தான் பாரம்.

எழுத்தில் ஒப்பந்தம் என்பதை நாங்கள் கண்டது 2002 பெப்ரவரி போர்நிறுத்தத்துக்குப் பிறகு. ஏ9 பாதை திறந்ததும் ஐ.நா. அமைப்புகளும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் வந்தன; 2004 சுனாமி முல்லைத்தீவுக் கரையை அழித்தபின் இன்னும் வந்தன. ஜெனரேற்றர் வைக்கக் கொட்டகை, கொமேட், தண்ணீர்த் தாங்கி, உயர்ந்த மதில், ஆங்கிலத்தில் ஒப்பந்தம், முற்பணம். பல வருடமாக வீடு நிற்கிறதா என்று கேட்காதவர்களும் ஃபோன் எடுத்தார்கள். அப்பாவுக்கு ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டியது நான். அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தேன். நல்ல காசு புழங்கிய காலம்தான். ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ரீச்சர்மார் ஓர் அறை கிடைக்காமல் அலைந்ததையும் அந்தக் காலத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

2006 ஓகஸ்ட்டில் மறுபடி போர் மூண்டு பாதை பூட்டுப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. வாகனங்கள் வவுனியாவுக்குப் போய்விட்டன. சனம் மறித்துக் கெஞ்சியும் நிற்கவில்லை. அதன்பின் வீடு பார்ப்பது என்றால் வீட்டைக் கழற்றுவது. ஓட்டை இறக்கி, கதவு, யன்னல், நிலை எல்லாம் பெயர்த்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். எந்த நிலை எவருடையது என்று மறக்காதிருக்கப் பெயின்றால் சொந்தக்காரரின் முதலெழுத்தை எழுதினேன். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று பின்னேறப் பின்னேற ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் விட்டோம். கடைசியில் மிஞ்சியது பொலித்தீன் சுற்றிய ஒரு பை. அதற்குள் உறுதிகளும் பேர்மிற்றுகளும் அப்பாவின் கொப்பியும் இருந்தன. போரின் முடிவில் எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள்ளும் அதைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தேன்.

2009 கடைசியிலிருந்து மீள்குடியேற்றம் தொடங்கியது. தகரமும் 25,000 ரூபாவும் தந்தார்கள். 2010இல் இந்தியா 50,000 வீடு அறிவித்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம். வீடு கட்டக் காணி காட்ட வேண்டும், காணிக்குக் கடதாசி காட்ட வேண்டும். அங்கேதான் அந்த வளவோரக் குடும்பங்கள் பின்னுக்குப் போயின. முப்பது வருடம் இன்னொருவரின் காணியைக் காடாகாமல் காத்தவர்கள், வீட்டுத் திட்டப் பட்டியலில் காணியில்லாதவர்கள். புலிகளின் நிர்வாகம் எழுதிக் கொடுத்த கடதாசி வைத்திருந்தவர்களுக்கும் அது செல்லாமல் போனது. அந்த அநியாயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

உறுதிக் காணிச் சொந்தக்காரர் பக்கமும் பயம் இருந்தது. எதிராட்சியாகப் பத்து வருடம் ஒருவர் காணியை ஆண்டால் உரிமை கோரலாம் என்பது ஆட்சியுரிமைச் சட்டம். போரால் ஊருக்கு வரமுடியாமற் போனவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது இடம் தந்தது. அனுமதியோடு இருக்க வந்தவர் இருந்த காலத்தை மட்டும் காட்டிச் சொந்தம் கோர முடியாது என்பது பழைய சட்டத்திலேயே உண்டு. ஆனால் அனுமதி கொடுத்ததற்கு எழுத்து எங்கே? பெரியவர்கள் செத்துப் போனார்கள். பிள்ளைகள் ரொறன்ரோவில். வழக்குக்கு வந்த ஒரு வளவில், யார் எப்ப வந்து இருந்தார் என்பதற்கு அப்பாவின் சீ.ஆர். கொப்பியைத்தான் இரண்டு பக்கத்தாரும் தேடி வந்தார்கள். அதைப் பார்த்தபின் வழக்கை விட்டுச் சமாதானமாய்ப் போனார்கள்.

இப்போது அற்றோணித் தத்துவம் இல்லாமல் நான் ஒரு வீட்டையும் எடுப்பதில்லை. சோலை வரி, கரண்ட் பில் ரசீது எல்லாம் சொந்தக்காரர் பெயரில் வரிசையாக இருக்கும். மாரிக்கு முன் பீலி துப்பரவாக்குவதும், கோடையில் கிணறு இறைப்பதும், “அக்கா, மோட்டர் தண்ணி இழுக்குதில்லை” என்று வாடகைக்கு இருக்கிற பிள்ளை சொன்னால் ஓடுவதும் வழக்கமான வேலை. இதோடு இன்னொன்றையும் கேட்கிறேன். வளவில் காவலுக்கு ஒரு குடும்பம் இருந்தால், எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார்கள், என்னென்ன செய்தார்கள், போகச் சொன்னால் எவ்வளவு காலம் முன்பே சொல்வது, என்ன கொடுப்பது என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு பிரதி அந்தக் குடும்பத்திடம் இருக்க வேண்டும். சிலர் தயங்குகிறார்கள். “எழுதிக் கொடுத்தால் பிறகு எழும்பமாட்டினம் தங்கச்சி” என்கிறார்கள். எழுதாமல் விட்டதால் வந்த வழக்குகளை அவர்களுக்குச் சொல்கிறேன். ஜெயபுரம் பக்கத்து உறுதிக் காணிக்காரர் ஒருவர் போன வருடம் கையெழுத்து வைத்ததோடு, அங்கே இருந்தவர்களின் பெயரில் கால் ஏக்கரைப் பிரித்து எழுதவும் நில அளவையாளரை அழைக்கச் சொன்னார். அளந்து முடிந்துவிட்டது. உறுதி எழுதுகிற வேலை நொத்தாரிசிடம் நிற்கிறது.