அந்தமானில் ஒரு மலப்புரம் ஏன்?

தெற்கு அந்தமானில் காலிகட், மலப்புரம், மஞ்சேரி, திரூர், வண்டூர் என்றெல்லாம் ஊர்கள் இருக்கின்றன. கேம்பல் பேயிலிருந்து கப்பலேறி போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) போகும் நம்மவர்கள், கேரளாக்காரர்கள் பிழைக்க வந்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லைங்க. 1921 கலகத்தின் மிச்சம் அது.

மலபார் அப்போது நம் சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம். நிலம் ஜன்மிகள் கையில். தெற்கு மலபாரில் உழுதவர்களில் பலர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். எப்போது குத்தகை பறிபோகும் என்று தெரியாது. இந்தக் கோபத்தோடு கிலாபத் இயக்கம் சேர்ந்தது. முதல் உலகப்போரில் தோற்ற துருக்கி சுல்தான்தான் அன்றைய கலீஃபா. அவர் பதவியைக் காக்க வேண்டும் என்ற கோரிக்கையை காந்தியும் ஆதரித்தார்.

1921 ஆகஸ்ட் 20 அன்று அலி முஸ்லியாரைப் பிடிக்கத் திருரங்காடிக்குப் படை வந்தது. பள்ளிவாசலை இடித்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. ஊர் ஊராகக் கலகம் மூண்டது. வெள்ளைக்காரரோடும் ஜன்மிகளோடும் அது நிற்கவில்லை. இந்துக்கள் பலர் கொல்லப்பட்டார்கள், கட்டாய மதமாற்றம் நடந்தது, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். இதைச் சொல்லாமல் தியாகத்தை மட்டும் சொன்னால் பாதிக் கணக்குதான். ஜன்மிக் கொடுமையைச் சொல்லாமல் விட்டாலும் அப்படியே.

தலைமையை எதிர்க்கலாமா என்பது இஸ்லாத்தில் பழைய கேள்வி. 656-ல் கலகக்காரர்கள் கலீஃபா உஸ்மானைக் கொன்றார்கள். அடுத்த ஆண்டு சிஃப்பீனில் முஸ்லிமும் முஸ்லிமும் மோதினர். 661-ல் அலி கொல்லப்பட்டார்; 680-ல் கர்பலா. கொடுங்கோலைவிடக் கலகம் அதிகம் அழிக்கும் என்று பிற்கால அறிஞர்கள் பலர் எச்சரித்ததற்கு இந்த அனுபவமே காரணம். ஆனால் அநீதிக்குப் பணியாத ஹுசைனைத்தான் இன்றும் மொஹரத்தில் நினைக்கிறார்கள். இரண்டு குரலுமே அந்த மரபில் உண்டு.

மலபாரில் விளைவு என்ன? அரசுக் கணக்குப்படியே 2,300-க்கு மேற்பட்ட கலகக்காரர்கள் இறந்தார்கள். 1921 நவம்பரில் திரூரிலிருந்து கிளம்பிய மூடிய சரக்கு வேகனை நம் போத்தனூரில் திறந்தபோது உள்ளே பிணக்குவியல். சுமார் 100 கைதிகளில் 60-க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறி இறந்திருந்தார்கள். வாரியன்குன்னத்து குஞ்ஞகமது ஹாஜியை 1922 ஜனவரி 20 அன்று சுட்டார்கள். அலி முஸ்லியாரை பிப்ரவரி 17 அன்று கோவை சிறையில் தூக்கிலிட்டார்கள்.

எந்தக் கலீஃபாவுக்காகக் கொடி பிடித்தார்களோ, அந்தப் பதவியையே 1924 மார்ச்சில் துருக்கி ஒழித்துவிட்டது. தலைவர்கள் கணக்கும் பதவிக் கணக்கும் அதோடு முடிந்தன.

முடியாதது அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் கணக்கு. 1922 முதல் மாப்பிள்ளைக் கைதிகள் இங்கே வந்தார்கள். குடும்பத்தையும் வரவழைக்க அரசு ஊக்கம் தந்தது. எந்தக் கலகத்திலும் கை வைக்காத மனைவியும் பிள்ளையும் கடல் தாண்டினார்கள். காடு வெட்டி, வயல் திருத்தி, விட்டு வந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். தண்டனை முடிந்தும் பலர் திரும்பவில்லை.

நம்மைப்போலச் சம்பளத்துக்கோ நிலத்துக்கோ வந்தவர்கள் இல்லை அவர்கள். அடுத்த முறை வண்டூர் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், பவளப்பாறையோடு இதையும் சொல்லுங்கள்.