நியூயார்க் மூன்றாவது நீர்ச்சுரங்கம்

நியூயார்க் மூன்றாவது நீர்ச்சுரங்கம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகருக்குக் குடிநீர் வழங்குவதற்காக, நிலத்தடிப் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டு வரும் ஒரு பெரும் நீர்வழி ஆகும். இதன் திட்டமிடப்பட்ட மொத்த நீளம் சுமார் 97 கிலோமீட்டர். கட்டுமானம் 1970 ஆம் ஆண்டில் தொடங்கியது. ஒரு பகுதி 1998 இலும் மற்றொரு பகுதி 2013 இலும் பயன்பாட்டுக்கு வந்தன. அந்நகரின் வரலாற்றில் மிகப் பெரிய கட்டுமானத் திட்டம் இதுவே எனக் கூறப்படுகின்றது.

பின்னணி

நியூயார்க் நகரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 380 கோடி லிட்டர் நீரைப் பயன்படுத்துகின்றது. குரோட்டன், கேட்ஸ்கில், டெலவேர் ஆகிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் சேரும் நீரின் பெரும்பகுதி, நகருக்கு வடக்கே யாங்கர்ஸில் உள்ள ஹில்வியூ நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கிருந்து சுரங்கங்கள் வழியாக நகருக்குள் செல்கின்றது. நீர்த்தேக்கம் உயரமான இடத்தில் இருப்பதால், இறைப்பிகள் இன்றிப் புவியீர்ப்பு விசையாலேயே நீர் பாய்கின்றது. இந்த அழுத்தத்தால் நீர் ஏறத்தாழ ஆறாவது மாடி வரை ஏறும். அதனினும் உயர்ந்த கட்டிடங்களில் நீரை மேலேற்றிக் கூரைத் தொட்டிகளில் சேமிப்பர்.

முதலாவது சுரங்கம் 1917 இலும் இரண்டாவது சுரங்கம் 1936 இலும் பயன்பாட்டுக்கு வந்தன. நகரம் இவ்விரண்டையுமே முழுவதும் சார்ந்திருந்ததால், எதையும் மூடிச் சோதிக்கவோ பழுதுபார்க்கவோ இயலவில்லை. பல்லாண்டுகளாக நீருக்குள் இருந்த வால்வுகளை மூட முயன்றால் அவை உடைந்துவிடலாம், அல்லது மீண்டும் திறக்க முடியாமல் போகலாம் எனப் பொறியாளர்கள் அஞ்சினர். ஒரு சுரங்கம் பழுதானால் நகரின் பெரும்பகுதிக்கு நீண்டகாலம் நீர் கிடைக்காது என்பதே இந்த அச்சத்தின் காரணம். ஆகவே மூன்றாவது சுரங்கத்தின் முதன்மை நோக்கம், பழைய சுரங்கங்களுக்கு ஓய்வு கொடுத்துச் செப்பனிட வழி செய்வதாகும். இத்திட்டத்துக்கு 1954 இல் ஒப்புதல் வழங்கப்பட்டது.

அமைப்பு

நகரின் தெருக்களுக்கு அடியில் சுரங்கத் தொடருந்துப் பாதைகள், கழிவுநீர்க் குழாய்கள், எரிவாயு, நீராவிக் குழாய்கள், மின்வடங்கள் ஆகியன நெருக்கமாக அமைந்துள்ளன. இவ்வளவு பெரிய குழாயைத் தெருவைத் தோண்டிப் பதிப்பது இயலாத செயல். எனவே சுரங்கம் இவை அனைத்துக்கும் கீழே, ஏறத்தாழ 75 முதல் 240 மீட்டர் வரையான ஆழத்தில் செல்கின்றது. உள்ளிருக்கும் நீரின் பெரும் அழுத்தத்தை மேலுள்ள பாறையின் எடை தாங்கிக்கொள்வது ஆழத்தினால் கிடைக்கும் மற்றொரு பயன் ஆகும்.

சுரங்கத்தின் உட்சுவர் கான்கிரீட்டால் பூசப்பட்டுள்ளது. ஆங்காங்கே உள்ள செங்குத்துத் தண்டுகள் வழியாக நீர் மேலேறித் தெருக்களுக்கு அடியில் உள்ள பிரதான குழாய்களை அடைகின்றது. தண்டுகளையும் குழாய்களையும் இணைக்கும் இடங்களில் மட்டும் தெருக்களைத் தோண்ட நேர்ந்தது. குடியிருப்பாளருக்கும் வணிகருக்கும் மிகுந்த இடையூறு விளைவித்தது இந்தப் பகுதியே.

பழைய சுரங்கங்களின் குறையை நீக்கும் வகையில், இதன் முக்கிய வால்வுகள் ஆட்கள் சென்று பராமரிக்கக்கூடிய நிலத்தடி அறைகளில் வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் பிராங்க்சின் வேன் கோர்ட்லண்ட் பூங்காவின் கீழ் உள்ள அறை மிகப் பெரியது. இதன் நீளம் சுமார் 190 மீட்டர்.

கட்டுமானம்

முதற்கட்டத்தில் பாறையில் துளையிட்டு, வெடிமருந்தால் தகர்த்து, கற்களை மேலே அகற்றும் முறை கையாளப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் நகரம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானதால் பணிகள் தடைபட்டன. பிற்காலப் பகுதிகளில் சுரங்கம் துளைக்கும் பொறிகள் பயன்படுத்தப்பட்டன. இவை வெடிவைத்தலைப் பெரிதும் குறைத்தன.

இப்பணியைச் செய்பவர்கள் "சாண்டாக்" என்னும் பெயரால் அறியப்படும் சுரங்கத் தொழிலாளர்கள் ஆவர். இவர்களுள் அயர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றை மூலமாகக் கொண்ட குடும்பத்தினர் பலர். தந்தையைத் தொடர்ந்து மகனும் இத்தொழிலுக்கு வருவது வழக்கம். இச்சுரங்கக் கட்டுமானத்தில் 24 பேர் உயிரிழந்துள்ளனர். அவர்களுக்கான நினைவிடம் வேன் கோர்ட்லண்ட் பூங்காவில் உள்ளது.

கட்டங்கள்

முதற்கட்டம்: ஹில்வியூவில் தொடங்கி, பிராங்க்ஸ், மன்ஹாட்டன் வழியாகக் கிழக்கு ஆற்றைக் கடந்து, குயின்சின் அஸ்டோரியா வரை சுமார் 21 கிலோமீட்டர் செல்கின்றது. 1998 இல் பயன்பாட்டுக்கு வந்தது.

இரண்டாம் கட்டம், மன்ஹாட்டன் பகுதி: சுமார் 13.7 கிலோமீட்டர் நீளமும் 10 தண்டுகளும் கொண்டது. அக்டோபர் 2013 இல் திறக்கப்பட்டது. இதன் மூலம் மன்ஹாட்டன் முதலாவது சுரங்கத்தையே நம்பியிருக்கும் நிலை நீங்கியது.

இரண்டாம் கட்டம், புரூக்ளின்–குயின்ஸ் பகுதி: சுரங்கம் குடையப்பட்டுவிட்டபோதிலும், இறுதித் தண்டுகள் முடிவடையாததால் முழுப்பயன் கிட்டவில்லை. 2016 இல், இதற்கான நிதி ஒத்திவைக்கப்பட்டதாக வெளியான செய்தி விவாதத்துக்கு உள்ளானது. அதன்பின் நகர நிர்வாகம் நிதி ஒதுக்கீட்டை அறிவித்தது. 2032 ஆம் ஆண்டளவில் இப்பகுதி பயன்பாட்டுக்கு வரும் என 2022 இல் அறிவிக்கப்பட்டது.