அறளையும் அளவுகோலும்

கிழக்கிலங்கையின் கரையோரத்தில், மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கித் தொடர்ந்து பொத்துவிலில் முடியும் முஸ்லிம் ஊர்களிலே, முதியவர் ஒருவர் கேட்ட கேள்வியையே மூன்றாம் முறையும் கேட்பாராயின், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீட்டார் கூறுவர். ஈழத்துத் தமிழ் பேசுவோர் பலர்க்கும் பொதுவான சொல் அது. அதில் இரக்கம் உண்டு. சிறு நகைப்பும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்னும் தீர்ப்பும் உண்டு. காய்ச்சலுக்கு வைத்தியரை நாடும் குடும்பம் அறளைக்காக அவரை நாடுவதில்லை. நரையைப் போலவும் திரையைப் போலவும் அதுவும் வயதின் வரவு என்றே கொள்ளப்பட்டது. அறிந்தவற்றையெல்லாம் அறியாத நிலைக்கு மனிதர் திருப்பப்படும் தள்ளாத வயதைத் திருக்குர்ஆனும் குறிப்பிடுவதால், இவ்வூர்ப் பெரியவர்கள் அந்நிலையைத் தம் பிரார்த்தனைகளில் அஞ்சி நினைந்தே வந்துள்ளனர்.

வைத்திய உலகமும் நெடுங்காலம் இக்கருத்தையே கொண்டிருந்தது. 1901ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்போர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் 51 வயதுடைய பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அவரை ஆராய்ந்த அலோய்ஸ் அல்சைமர் என்னும் வைத்தியர், அவருடைய பெயரையும் கணவர் பெயரையும் வினவினார்; உணவு உண்டுகொண்டிருக்கும்போதே, உண்பது யாதென்று கேட்டார். தட்டில் பன்றி இறைச்சியும் பூக்கோவாவும் இருக்க, அப்பெண்மணி கீரை என்று விடையிறுத்தார். கேள்வியும் விடையும் அப்படியே குறித்துவைக்கப்பட்டன. 1906இல் அவர் இறந்தபின், அவருடைய மூளையிற் கண்ட மாற்றங்களை அல்சைமர் துபிங்கன் நகரில் நடைபெற்ற வைத்தியர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். 1910இல் கிரேப்பலின் என்னும் பேராசிரியர் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். ஆயினும் அப்பெயர் நடுவயதில் நோயுற்றோர்க்கே உரியதாயிருந்தது. 75 வயதில் அதே குறிகள் தோன்றினால் அது மூப்பு. 51இல் தோன்றினால் நோய்! 1968இல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த பிளெசட், தொம்லின்சன், ரொத் ஆகிய மூவரும், முதியவர்களின் மூளையிற் காணும் படிவுகளின் அளவும் அவர்கள் உயிரோடிருந்தபோது காட்டிய அறிவுத் தளர்ச்சியும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்று காட்டியபின்பே, அறளை நோயாகவும் இருக்கலாம் என்னும் எண்ணம் வேரூன்றலாயிற்று.

நோய் என்றானபின் அதனை அளக்கக் கோல் வேண்டும். 1972இல் இங்கிலாந்தில் ஹொட்கின்சன் பத்து வினாக்கள் கொண்ட சிறு சோதனையை அமைத்தார். முதலாம் உலக யுத்தத்தின் ஆண்டு எது, இப்போது முடிதரித்திருக்கும் அரசர் அல்லது அரசி யார் என்பன அவற்றுட் சில. 1975இல் அமெரிக்காவைச் சேர்ந்த மார்ஷல் போல்ஸ்ரீன், சூசன் போல்ஸ்ரீன், போல் மக்ஹியூ ஆகியோர் வெளியிட்ட சோதனையே உலகெங்கும் பரவியது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் அச்சோதனைக்கு மொத்தப் புள்ளி 30. ஆண்டு, பருவம், திகதி, கிழமை, மாதம் ஆகியவற்றைக் கூறல். இருக்கும் இடத்தைக் கூறல். மூன்று சொற்களைக் கேட்டு வைத்துச் சற்றுப் பின் நினைவுகூரல். 100இலிருந்து ஏழேழாகக் கழித்துச் செல்லல். தாளில் எழுதியிருப்பதை வாசித்து அவ்வாறே செய்தல். ஒரு வாக்கியம் எழுதல். ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைதல் என்பன அதன் உறுப்புகள். 24க்குக் குறைந்த புள்ளி ஐயத்துக்குரியது என்பது வழக்காயிற்று. கால்நூற்றாண்டு காலம் வைத்தியர்கள் படியெடுத்துப் பயன்படுத்திய அத்தாளுக்கு, பின்னர் பதிப்புரிமை கோரிக் கட்டணமும் அறவிடலாயினர் என்பது வேறு கதை.

கல்முனைக் கரையில் வாழும் எண்பது வயது மூதாட்டி ஒருவரை இத்தாளின் முன் இருத்திப் பார்த்தல் தகும். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. ஆயினும் அக்காலத்து முஸ்லிம் பெண்பிள்ளைகளிற் பலர் பருவம் எய்துமுன்பே பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டனர். அம்மூதாட்டி பேனையைப் பிடித்து அறியார். ஐங்கோணத்தை வாழ்நாளில் வரைந்தறியார். 100இலிருந்து ஏழைக் கழித்தறியாவிடினும், எத்தனை மரைக்கால் நெல் குற்றினால் எத்தனை நாட்சோற்றுக்கு ஆகும் என்பதை நொடியிற் சொல்லிவிடுவார். இலையுதிர்காலம், இளவேனில் என்பன அவருக்குக் காலங்கள் அல்ல. மாரியும் கோடையுமே காலங்கள், பெரும்போகமும் சிறுபோகமுமே ஆண்டின் இரு கூறுகள். இன்னுமொன்று உண்டு. எழுத்தறிவற்றவர் என்று பதிவேடு கூறும் அவர், சிறுவயதில் ஓதக் கற்றவராதலால் அறபெழுத்தைத் தடையின்றி வாசிப்பார். அறபுத் தமிழில் எழுதப்பெற்ற மாலைகளையும் வாசிப்பவராயிருக்கலாம். தமிழெழுத்தில் எழுதிய கட்டளையை நீட்டினால் மட்டும் விழிப்பார். அவருக்குக் கிடைக்கும் தாழ்ந்த புள்ளி அவருடைய மூளையின் குறையா, அவரைப் பள்ளிக்கு அனுப்பாத ஊரின் குறையா?

இவ்வையம் கற்பனையன்று. 1993இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டோரின் புள்ளிகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஒன்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ கற்றவர்களின் இடைநிலைப் புள்ளி 29 என்றும், ஐந்து முதல் எட்டாண்டு கற்றவர்க்கு 26 என்றும், நான்காண்டும் அதற்குக் குறைவாகவும் கற்றவர்க்கு 22 என்றும் தெரியவந்தது. அந்த 22, ஐயத்தின் எல்லையாகிய 24க்குக் கீழே கிடக்கிறது. பள்ளிக்குச் செல்லாமை ஒன்றே ஒருவரை நோயாளி வரிசையில் நிறுத்தப் போதுமாயிற்று.

கோலை மாற்றும் முயற்சி வெவ்வேறு மூலைகளில் தொடங்கியது. கனடாவின் மனிற்றோபா மாகாணத்திற் கிறீ என்னும் பழங்குடியினரிடையே ஆராய்ந்தவர்கள், முதியவரை மட்டுமன்றி அவருடன் வாழும் ஒருவரையும் வினவும் முறையை வகுத்தனர். இந்தியாவில் ஹரியானா மாநிலத்துப் பல்லப்கர் கிராமங்களில் மேரி கங்குலியும் அவருடன் பணியாற்றியோரும் 1995இல் இந்தி மொழிச் சோதனையை வெளியிட்டனர். அதன் மாற்றங்கள் எளியவை, ஆயின் நுட்பமானவை. கட்டளையை வாசிப்பதற்குப் பதிலாக, சோதிப்பவர் தம் முகத்தைப் பார்த்து, தாம் செய்வதுபோலச் செய்யும்படி கூறிக் கண்ணை மூடிக்காட்டினார். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாகத் தம் வீட்டைப்பற்றி ஏதேனும் சொல்லும்படி முதியவர் கேட்கப்பட்டார். ஐங்கோணங்கள் போய், சதுரத்தினுள் ஒரு சாய்சதுரம் வந்தது. அங்கே 55 வயதுக்கு மேற்பட்ட 5,000க்கும் அதிகமானோர் இக்கோலால் அளக்கப்பட்டனர்.

தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கேயுள்ள திருப்போரூர்ப் பகுதியில் வீடுவீடாகச் சென்று 60 வயதுக்கு மேற்பட்ட 750 பேரை ஆராய்ந்தோர், நூற்றுக்கு 3.5 பேரிடம் மறதிநோய் கண்டதாக 1997இல் அறிவித்தனர். இலங்கையில் ராகமையைச் சேர்ந்த டீ சில்வா, குணதிலக ஆகியோர் 2002இல் சிங்களச் சோதனையைச் செப்பஞ்செய்து, 24ஐவிட மிகத் தாழ்ந்த எல்லையையே அதற்கு வகுத்தனர். மறு ஆண்டில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரிடம் நடத்திய ஆய்வு நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் என்னும் கணக்கைத் தந்தது. கனடாவின் மொன்றியல் நகரில் 2005இல் வெளியான, ஆரம்பத் தளர்ச்சியை நுணுகிக் காணும் சோதனையை இலங்கைத் தமிழுக்கேற்ப அமைத்து, 2020இல் யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதன் ஆங்கில மூலத்தில் நினைவிற் கொள்ள வேண்டிய ஐந்து சொற்களுள் வெல்வெட்டும் டெய்சிப் பூவும் கிறிஸ்தவ தேவாலயமும் அடங்கும். இவற்றை அப்படியே மொழிபெயர்த்து அக்கரைப்பற்று விவசாயி ஒருவரிடம் சொல்வது நினைவுச் சோதனை ஆகாது.

இவ்வரலாற்றில் இக்கரையோர மக்கள் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி வேறொன்றாகும். 1998இல் கொச்சியில் உருவான 10/66 என்னும் ஆய்வுக் குழு, வளர்முக நாடுகளில் மறதிநோயாளர் நூற்றுக்கு 66 பேர் வாழ, ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அங்கு நடைபெறவில்லை என்பதையே தன் பெயராக்கிக்கொண்டது. சென்னை நகரமும் வேலூர்ப் புறத்துக் கிராமங்களும் அதன் ஆய்வுக் களங்களாயின. 2008இல் வெளியான முடிவின்படி, அமெரிக்க மனநோய் வைத்தியச் சங்கத்தின் வரைவிலக்கணத்தைக் கொண்டு அளந்தபோது, இந்தியக் கிராமக் களத்தில் நோயுற்றோர் நூற்றுக்கு 0.3 மட்டுமே. குழு தானே வகுத்த முறையால் அதே மக்களை அளந்தபோது தொகை பன்மடங்காயிற்று. காரணம் யாதெனில், அவ்வரைவிலக்கணம் நாளாந்த வாழ்வு பாதிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்கிறது. வீட்டாரோ பாதிப்பொன்றும் இல்லை என்றனர். அவர்கள் பொய் கூறவில்லை. முதியவரிடம் கணக்கையும் கடையையும் எவரும் ஒப்படைப்பதில்லை. செய்யவேண்டிய வேலை ஒன்றுமில்லாதவரிடம் வேலை குறைந்ததை எவ்வாறு காண்பது? அன்பினாலேயே நோய் மறைக்கப்பட்டுவிட்டது.

கல்முனைப் பகுதியின் குடும்ப அமைப்பிலே இது மேலும் அழுத்தமாக நிகழக்கூடும். இங்கு குடி தாய்வழியே வருவது; வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது; மணமகன் மனைவி வீட்டில் வாழ வருவது வழக்கம். ஆகவே முதிய தாய் தான் ஒரு காலத்தில் ஆண்ட வீட்டிலேயே மகளின் ஆட்சியில், அல்லது அதே வளவின் மறு வீட்டில், வாழ்கிறார். அடுப்பும் திறப்பும் முன்னரே கைமாறிவிட்டன. அடுப்பில் வைத்ததை மறத்தல், திறப்பைத் தொலைத்தல் என்னும் முதற்குறிகள் தோன்ற இடமே இல்லை. ஆயினும் அவரை நாள்முழுதும் காண்பவரும் அம்மகளே. சோதிப்பவர் கேட்கும் முறையறிந்து கேட்டால், மருமகனோ வேற்றூரில் வாழும் மகனோ அறியாததை அவர் சொல்வார்: முன்பு பிழையாமல் தொழுதவர் இப்போது றக்அத்தின் எண்ணிக்கையில் அடிக்கடி தடுமாறுகிறார், பேரன் நேற்று வந்து போனதை மறந்துவிட்டார், பழகிய ஒழுங்கையில் திசை கெட்டு நின்றார். மருதமுனையில் தறி நெய்து முதிர்ந்தவரிடம் இழை எண்ணிக்கை பிழைப்பதும், கரைவலைக்காரர் வாடையையும் கச்சானையும் மாற்றிச் சொல்வதும் அவ்வாறே கேட்டறிய வேண்டியவை.

முதியவரிடம் கேட்கும் வினாக்களும் இவ்வூரிலிருந்தே எழலாம். இப்போது எந்த வக்துக்குரிய நேரம் என்பது, மணிக்கூடு பார்க்கத் தெரியாதவரும் விடை சொல்லத்தக்க கேள்வி. நோன்புக்கு முந்திய மாதம் எது என்பதும் அத்தகையதே. வயதைத் துணியவும் நிகழ்ச்சிகளே துணை. பிறப்புப் பத்திரம் இல்லாதவரிடம், 1957இன் பெருவெள்ளத்தின்போது மணமாகியிருந்தாரா, 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியின்போது கையில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு வயதைக் கணிக்கலாம். ஆனால் இவ்விடைகளில் ஒரு கண்ணி உண்டு. பழைய நினைவு கடைசியிலேயே அழியும். தம் குடியின் பெயரையும் இளமையிற் பாடிய கவிகளையும் குறைவின்றிச் சொல்லும் மூதாட்டி, காலையில் உண்டாரா என்பதை அறியாதிருக்கலாம். அவருடைய பழங்கதை கேட்டு மகிழ்ந்து, நினைவு பழுதற்றது என்று முடிவு செய்வோர் பலர்.

இடத்தைப் பற்றிய வினாவுக்கும் இக்கரையில் தனிக் கவனம் தேவை. 2004 டிசெம்பர் 26இன் கடற்கோள் இலங்கையின் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறையிலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டது. கடலோரத்தில் வாழ்ந்தோர் பலர் உள்ளே புதிய வீட்டுத் திட்டங்களில் குடியேறினர். வீதிப் பெயரைச் சொல்லத் தடுமாறும் முதியவர், அவ்வீதியைத் தமதாக ஒருநாளும் ஏற்காதவராயிருக்கலாம். பிள்ளைகளை இழந்தவரின் வாடிய மௌனமும் மறதிபோலத் தோன்றும். மனச்சோர்வு மறதியின் வேடம் பூணுவது வைத்தியர் நன்கறிந்ததே.

குறியொன்றும் இல்லாத முதியவர் எல்லோரையும் சோதிக்க வேண்டுமா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகள் குழு, அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ கூறப் போதிய சான்றில்லை என்று 2020இல் அறிவித்தது. ஆனால் வீட்டில் எவரேனும் ஐயுற்றபின் சோதியாதிருப்பது வேறு. கேடயச்சுரப்பியின் குறைவு, விற்றமின் பி12இன் குறைவு, சில மருந்துகளின் விளைவு என்பன மறதியைத் தந்து, சிகிச்சையால் நீங்கக்கூடியன. கண்புரையும் கேளாச்செவியும் புள்ளியைக் குறைக்கும். ஆதலால் தாளை எடுக்குமுன் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தருவதும், நன்றாகக் கேட்கும் செவியின் பக்கம் இருந்து பேசுவதும் முறை.

தாழ்ந்த புள்ளி நோயின் பெயர் அன்று. மேலும் ஆராய்க என்னும் குறிப்பு மட்டுமே. ஓராண்டு கழித்து அதே முதியவரை அதே வினாக்களால் மீண்டும் கேட்பது அனுபவமிக்க வைத்தியர் கையாளும் வழி. அப்போது பள்ளிக்குச் சென்றவரோடு செல்லாதவர் ஒப்பிடப்படுவதில்லை. சென்ற ஆண்டு அவர் இருந்த நிலையோடு இவ்வாண்டு அவருடைய நிலையே ஒப்பிடப்படுகிறது.